ஒடுக்கப்பட்ட எதிர்ப்பு: நான்சியின் இதயமும் நம் மாத்திரைப் பெட்டியும்

1

நண்பர் ஒருவரைப் பற்றிச் சொல்லித்தான் இதைத் தொடங்க வேண்டியிருக்கிறது. பெயர் வேண்டாம். தொண்ணூறுகளில் எங்களோடு சேர்ந்து கூட்டங்கள் நடத்தியவர், பத்திரிகைக்கு மெய்ப்புத் திருத்தியவர், இவான் இலிச்சின் கட்டுரை ஒன்றைப் பாதி மொழிபெயர்த்துவிட்டு மீதியை என் தலையில் கட்டியவர். 2006இல் அவருக்குச் சிறுநீரக மாற்று அறுவை நடந்தது. கொடுத்தவர் அவருடைய அம்மா. அதற்குப் பிறகு காலை ஒன்பது மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் மாத்திரை. எந்தக் கூட்டத்தில் இருந்தாலும் ஒன்பது அடித்தால் சட்டைப்பையிலிருந்து டப்பாவை எடுப்பார். “என்னோட நமாஸ் நேரம்பா இது” என்று சிரிப்பார்.

எட்டு வருஷம் கழித்து மாத்திரையை நிறுத்தினார். யாரிடமும் சொல்லவில்லை. அவரோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து ரத்தப் பரிசோதனைக்குக் காத்திருந்த ஒருவருக்கு நிணநீர்ப் புற்று வந்து செத்துப்போனார். அன்று இரவுதான் நண்பர் மாத்திரை அட்டைப்பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளை முதன்முறையாக முழுதாக விரித்துப் படித்திருக்கிறார். அடுத்த முறை போனபோது மருத்துவரிடம் கேட்டிருக்கிறார். “அதையெல்லாம் எதுக்குப் படிக்கிறீங்க, நாங்க பாத்துக்கறோம்” என்று பதில் வந்திருக்கிறது. மாத்திரையை நிறுத்திய பிறகு என்னிடம் அவர் சொன்னது இது: “எதிர்ப்பை ஒடுக்குற மருந்துடா. பேர்லயே இருக்கு. நாம எதை எதிர்த்து எழுதினோமோ அதைத்தான் நான் தினம் ரெண்டு வேளை முழுங்கிட்டு இருந்திருக்கேன்.”

சில மாதங்களில் கிரியேட்டினின் ஏறியது. அம்மாவின் சிறுநீரகம் போயிற்று. மறுபடி டயாலிசிஸ். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அந்த அம்மா என்னிடம் கேட்டார்: “நீங்கள்லாம் படிச்சவங்க தம்பி. நிறுத்தாதடான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

நவீன மருத்துவத்தின் அதிகாரம் பற்றி நாம் எழுதியவை ஏராளம். பூக்கோ 1963இல் மருத்துவமனையின் பார்வை எப்படிப் பிறந்தது என்று எழுதியதை நாம் முப்பது ஆண்டு கழித்து எடுத்துக்கொண்டோம். மருத்துவமே நோயை உண்டாக்குகிறது என்று எழுபதுகளின் மத்தியில் இலிச் சொன்னதையும் எடுத்துக்கொண்டோம். அவை தவறென்று இப்போது சொல்ல வரவில்லை. ஆனால் நம் விமர்சனத்துக்கு ‘ஆபத்து’ என்ற சொல் தெரிந்த அளவு ‘தேவை’ என்ற சொல் தெரியவில்லை. ஆபத்தைப் பேச மறுத்த மருத்துவருக்கும், ஆபத்தை மட்டுமே பேசத் தெரிந்த நமக்கும் நடுவில் ஒரு சிறுநீரகம் போனது. இந்தக் கட்டுரை அந்த நடுவெளியைப் பற்றியது.

2

முதலில் அந்த மடித்த தாளை ஒரு பிரதியாக வாசிப்போம். பெட்டியின் மேல் மருந்தின் பெயர் பெரிய எழுத்தில். உள்ளே தாளில் ஆபத்து எறும்பெழுத்தில். மொழி ஆங்கிலம். பதிவுபெற்ற மருத்துவரின் பயன்பாட்டுக்கு மட்டும் என்ற வாசகம். அதாவது விழுங்குகிறவரை நோக்கி இந்தப் பிரதி பேசவில்லை. அவருடைய உடலைப் பற்றி, அவர் தலைக்கு மேலாக, வேறு யாரிடமோ பேசுகிறது. அவர் படித்தால் அது ஒட்டுக்கேட்பதாகிறது. நண்பரின் பீதியில் பாதி அந்த ஒட்டுக்கேட்பில் உண்டானது என்றே நினைக்கிறேன்.

அந்தத் தாளில் இருப்பது ரகசியமல்ல. இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வட்டாரத்தில் ‘மறைத்துவிட்டார்கள்’ என்ற கதையாடலுக்கு எப்போதும் வரவேற்பு உண்டு. உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களுக்குப் புற்று வருவதை அமெரிக்காவின் டென்வரில் இஸ்ரேல் பென் என்ற அறுவை மருத்துவர் 1968 முதலே பதிவேடு போட்டுச் சேகரித்தார். 1969இல் அவர் ஸ்டார்ஸல் குழுவினரோடு சேர்ந்து நிணநீர்ப் புற்று பற்றி எழுதிவிட்டார். அப்போது கையில் இருந்தவை அசாதயோப்ரினும் ஸ்டீராய்டும். பிறகு சைக்ளோஸ்போரின் வந்தது. நார்வேயின் ஹார்டாங்கர் பீடபூமியில் விடுமுறைக்குப் போன ஸாண்டோஸ் ஊழியர் பையில் எடுத்துவந்த மண்ணில் இருந்த பூஞ்சையின் சாறு அது. 1972இல் அதன் ஒடுக்கும் குணம் தெரிந்தது. 1978இல் கேம்பிரிட்ஜில் ராய் கால்ன் மனிதர்களுக்குக் கொடுத்தார். 1979இல் அவர் முதல் 34 நோயாளிகளைப் பற்றி லான்செட்டில் எழுதியபோதே லிம்ஃபோமாவும் அந்த அறிக்கையில் இருந்தது. 1983இல் அமெரிக்காவில் அனுமதி. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அசாதயோப்ரினை 1987இலும் சைக்ளோஸ்போரினை 1990இலும் மனிதருக்குப் புற்று உண்டாக்குவது உறுதியானவை என்ற முதல் பட்டியலில் வைத்தது. புகையிலை இருக்கும் அதே பட்டியல்.

ஆக, அறிவு இருந்தது. அந்த அறிவு எங்கே தங்கியது, யாருக்கு எந்த மொழியில் போய்ச் சேர்ந்தது, யாரிடம் போகாமல் நின்றது என்பதுதான் அரசியல் கேள்வி. மறைப்பதற்கும் சொல்லாமல் இருப்பதற்கும் நடுவில் ஒரு பெரிய வெளி இருக்கிறது. நுண் அதிகாரம் இயங்குவது பெரும்பாலும் அங்கேதான்.

அதே கையோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சைக்ளோஸ்போரின் வருவதற்கு முன் இன்னொருவரின் உறுப்பை உடம்பு ஏற்காமல் தள்ளி, அதனால் செத்தவர்களின் வரிசை மிக நீளமானது. 1967இல் கிறிஸ்டியான் பர்னார்ட் கேப்டவுனில் முதல் இதயமாற்றைச் செய்தார். அந்த நோயாளி பதினெட்டு நாள் வாழ்ந்தார். அடுத்த ஓரிரு ஆண்டு உலகம் முழுக்க ஆர்வத்தில் செய்துபார்த்துவிட்டு, பெரும்பாலான மருத்துவமனைகள் இதயமாற்றையே கைவிட்டன. கத்தி பழகியிருந்தது. உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. அந்தக் கதவைத் திறந்தது மருந்து.

3

‘நோய் எதிர்ப்பு’ என்கிறோம். தமிழில் இந்தச் சொல் அமைந்துபோன விதம் நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு கண்ணி. எதிர்ப்பு என்றால் நமக்கு உடனே கை உயர்கிறது. ஒடுக்குதல் என்றால் உடனே முகம் சுளிக்கிறது. எதிர்ப்பை ஒடுக்கும் மருந்து என்று சொன்னால் வழக்கு விசாரணைக்கு முன்பே தீர்ப்பு எழுதியாகிவிடுகிறது. நண்பர் இந்தச் சொல்லில்தான் மாட்டிக்கொண்டார்.

ஆனால் மாற்று உறுப்பின் விஷயத்தில் எதிர்ப்பு எதைச் செய்கிறது? அம்மா கொடுத்ததைக் கொல்கிறது. அம்மாவென்று அதற்குத் தெரியாது. இரத்தத்தில் சுற்றும் டி அணுக்கள் வந்திருக்கும் திசுவின் அடையாளத்தைச் சோதிக்கின்றன. ஒத்துவரவில்லையென்றால் ஆள் சேர்க்கின்றன, சூழ்ந்துகொள்கின்றன, அழிக்கின்றன. சைக்ளோஸ்போரினும் பின்னால் வந்த டாக்ரோலிமஸும் செய்வது அந்த ஆள்சேர்ப்புக்கான சமிக்ஞையை அணுவுக்குள்ளேயே தடுப்பதுதான். இங்கே எதிர்ப்பு என்பது போராளியல்ல. குடியுரிமைச் சான்று கேட்டு வீடு வீடாகக் கதவு தட்டுகிற ஆள்.

இந்த உருவகமும் என் கண்டுபிடிப்பல்ல, அறிவியலுக்குள்ளேயே இருப்பது. ஆஸ்திரேலியரான மெக்ஃபர்லேன் பர்னட் 1949இல் ஃபென்னரோடு சேர்ந்து எழுதிய நூலில் ‘தன்’, ‘தன் அல்லாதது’ என்ற பிரிப்பை நோயெதிர்ப்பியலின் மையக் கேள்வியாக்கினார். உலகப் போர் முடிந்து எல்லைக்கோடுகளைப் புதிதாக வரைந்துகொண்டிருந்த காலம் அது. டோனா ஹாரவே 1989இலும், எமிலி மார்ட்டின் 1994இலும் இந்தத் துறையின் மொழி எப்படிப் போர்க்களமாக, எல்லைக் காவலாக, அடையாள அட்டைச் சோதனையாகக் கட்டமைக்கப்பட்டிருக்கிறது என்று காட்டினார்கள். அதே 1994இல் நோயெதிர்ப்பியலாளரான பாலி மாட்சிங்கர், உடம்பு பார்ப்பது அந்நியத்தை அல்ல, ஆபத்தை என்று வாதிட்டார். கருவிலிருக்கும் பிள்ளை பாதி அந்நியம், அதை ஏன் தாயின் உடம்பு துரத்துவதில்லை என்பது அந்தப் பக்கத்தாரின் எளிய, கூர்மையான கேள்வி.

இதிலிருந்து நமக்கு ஒரு பாடம் உண்டு. உருவகத்தைக் கட்டுடைப்பது வேறு, உருவகத்தைக் கழற்றினால் உள்ளே ஒன்றுமில்லை என்று நம்புவது வேறு. ‘தன்’ என்பது கருத்தியல் கட்டமைப்புதான் என்று நாம் நிரூபித்தாலும் டி அணு நம் கட்டுரையைப் படிப்பதில்லை.

4

இதை உள்ளிருந்து எழுதிய ஒரு தத்துவவாதி உண்டு. பிரான்சின் ஸ்ட்ராஸ்பூரில் பாடம் சொன்ன ழான்-லுக் நான்சி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவருக்கு வேறொருவரின் இதயம் பொருத்தப்பட்டது. சில ஆண்டுகள் கழித்து லிம்ஃபோமா வந்தது. துனீசியாவில் பிறந்த எழுத்தாளர் அப்தல்வஹாப் மெத்தெப் தன் பத்திரிகையில் அந்நியரின் வருகை பற்றி ஒரு சிறப்பிதழ் போட்டபோது நான்சியிடம் கட்டுரை கேட்டார். குடியேறிகளைப் பற்றி ஐரோப்பா விவாதித்துக்கொண்டிருந்த நேரம். நான்சி தன் நெஞ்சுக்குள் வந்த அந்நியனைப் பற்றி எழுதினார். 2000இல் அது ‘ஊடுருவி’ என்று பொருள்படும் தலைப்பில் சிறு நூலாக வந்தது. 2004இல் கிளேர் டெனி அதே தலைப்பில் படமெடுத்தார்.

அந்தச் சிறு நூலின் பலம் அது யாரையும் குற்றம் சாட்டாததில் இல்லை, யார் ஊடுருவி என்று கடைசிவரை முடிவுகட்டாததில் இருக்கிறது. முதலில் ஊடுருவி வந்த இதயம் என்று நினைக்கிறோம். அப்புறம் பார்த்தால் தன்னைக் கைவிட்ட சொந்த இதயமே ஏற்கெனவே அந்நியமாகிவிட்டது. பிறகு மருந்து. பிறகு மருந்து தாழ்த்திய காவலைப் பயன்படுத்திக்கொண்டு உள்ளேயே வெகுநாள் தூங்கிக்கிடந்த வைரஸ்கள் எழுந்துவருகின்றன. பிறகு புற்று. பிறகு புற்றுக்கான சிகிச்சை. ஒவ்வொரு காப்பாற்றலும் அடுத்த ஊடுருவலுக்குக் கதவு திறக்கிறது.

இந்த இடத்தில் நான்சி ஒரு சிறு விஷயத்தைச் சொல்கிறார். லிம்ஃபோமா வரக்கூடும் என்பது சைக்ளோஸ்போரின் பெட்டியிலிருந்த தாளில் எழுதியிருந்தது, தான் அதைக் கவனித்ததே இல்லை என்கிறார். ஒரு பிரதியின் ஒவ்வொரு காற்புள்ளியையும் விசாரித்தே வாழ்ந்த மனிதர். தெரிதாவின் நெருங்கிய நண்பர். அவர் தினமும் கையில் எடுத்த பெட்டிக்குள் இருந்த பிரதியை வாசிக்கவில்லை. இதை நான் ஏளனமாகச் சொல்லவில்லை. படிப்பறிவு இல்லாததால் நோயாளிக்கு ஆபத்து புரிவதில்லை என்கிற மேட்டிமைப் பேச்சுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. தொடர்ந்து வாழ விரும்புகிறவர் அந்தத் தாளைத் தானாக முழுக்கப் படிக்க மாட்டார். அதனால்தான் அதை இன்னொருவர் கூட உட்கார்ந்து படித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நீண்டகாலத்தில் இந்த மருந்துகள் என்ன செய்கின்றன என்பதை நான்சியின் உடம்பிலிருந்து வெளியே வந்தும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 1,75,000க்கும் மேற்பட்ட உறுப்பு மாற்றுகளைப் புற்றுநோய்ப் பதிவேடுகளோடு இணைத்துப் பார்த்த ஆய்வு 2011இல் வந்தது. பொது மக்களோடு ஒப்பிட்டால் புற்று ஏறக்குறைய இரண்டு மடங்கு. எல்லாப் புற்றும் ஒரே அளவில் கூடவில்லை, வைரஸோடு தொடர்புள்ளவை மிகுதியாகக் கூடுகின்றன. காவல் தளரும்போது எப்ஸ்டீன்-பார் வைரஸ் நிணநீர்ப் புற்றுக்கும் பாப்பிலோமா வைரஸ் கருப்பை வாய்ப் புற்றுக்கும் வழி செய்கின்றன. இதைவிட முரணானது சிறுநீரகக் கதை. சைக்ளோஸ்போரினும் டாக்ரோலிமஸும் சிறுநீரகத்துக்குள் போகும் சிறு ரத்தக்குழாய்களைச் சுருக்குகின்றன. இதயமோ ஈரலோ நுரையீரலோ மாற்றிக்கொண்ட 69,000 பேரைத் தொடர்ந்து பார்த்த 2003ஆம் ஆண்டு ஆய்வில் நூற்றுக்குப் பதினாறு பேருக்கு மேல் நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு வந்திருந்தது. இதயத்தைக் காப்பாற்றிய மருந்து சிறுநீரகத்தைக் கேட்கிறது. சிறுநீரகத்தைக் காப்பாற்றக் கொடுக்கும் அதே மருந்து அந்தச் சிறுநீரகத்தையே கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கிறது.

இன்னும் இருக்கின்றன, சாவுக் கணக்கில் ஏறாதவை. ஸ்டீராய்டு முகத்தை உப்பவைக்கும், எலும்பை இளக்கும், சர்க்கரையைக் கொண்டுவரும். சைக்ளோஸ்போரினால் ஈறு தடிக்கும், முகத்தில் முடி வளரும். ‘அழகியல் சார்ந்த பக்கவிளைவு’ என்று ஒரு வரியில் போய்விடுகிற இதைக் கல்யாணமாகாத ஒரு பெண்ணிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள். இளம்பெண்கள் மாத்திரையை நிறுத்துவதற்கு முகம் ஒரு காரணமாக இருப்பதை மருத்துவர்கள் அறிவார்கள். மைக்கோஃபினோலேட் சாப்பிடும்போது கர்ப்பமானால் கருச்சிதைவும் பிள்ளைக்கு உறுப்புக் குறையும் நேரக்கூடும், அதனால் முன்கூட்டியே மருந்தை மாற்ற வேண்டும். பெண்ணுடல் இந்தப் பிரதியில் பெரும்பாலும் ஓர் எச்சரிக்கைக் கட்டத்துக்குள் வருகிறது, அவ்வளவுதான்.

நான்சி 2021 ஆகஸ்டில் 81 வயதில் இறந்தார். அந்த இதயத்தோடு முப்பது ஆண்டுகள். இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்: மருந்து அவருக்குப் புற்றைக் கொடுத்திருக்கலாம், மருந்துதான் அவருக்கு முப்பது ஆண்டைக் கொடுத்தது. ஒன்றைச் சொல்லி மற்றதை விழுங்குகிற எழுத்து, எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும், நாணயமற்றது.

5

இனி நான்சியோடு சண்டை.

உறுப்புக் கொடை மனிதர் எல்லோரையும் ஒரு வலைப்பின்னலுக்குள் கொண்டுவருகிறது என்கிறார் அவர். இரத்த வகை பொருந்தாமையைத் தவிர அதற்கு வேறு எல்லையில்லை, பால் எல்லையோ இன எல்லையோ இல்லை. தன் இதயம் ஒரு கறுப்பினப் பெண்ணுடையதாகக்கூட இருக்கலாம் என்று சொல்கிறார். சொல்கிற இடம் ஓர் அடைப்புக்குறிக்குள். அடுத்து, உண்மையான பிறன் பெண்ணோ கறுப்பரோ அல்ல, நோயெதிர்ப்பு சார்ந்த பிறன்தான் என்று தத்துவத் தளத்துக்கு ஏறிவிடுகிறார்.

அந்த அடைப்புக்குறியை நம்மால் அப்படித் தாண்டிப்போக முடியாது. ஏனென்றால் நாம் அந்த அடைப்புக்குறிக்குள் குடியிருக்கிறோம்.

மானுடவியலாளர் லாரன்ஸ் கோஹன் சென்னையில் சிறுநீரகம் விற்ற பெண்களிடையே களப்பணி செய்து 1999இல் எழுதினார். அவருடைய வாதத்தின் சாரம் எளிமையானது, ஆனால் தலைகீழாகப் புரட்டக்கூடியது. முன்பு உறுப்புக்கு நெருங்கிய உறவு வேண்டியிருந்தது, திசு பொருந்த வேண்டுமே. சைக்ளோஸ்போரின் வந்ததும் பொருந்தாமையை மருந்தால் அடக்கிவிடலாம் என்றாயிற்று. அதாவது மருந்து உடம்பின் எதிர்ப்பை மட்டும் ஒடுக்கவில்லை, மனிதர்களுக்கிடையிலான வேறுபாட்டை ஒடுக்கியது. யாருடைய சிறுநீரகமும் யாருக்கும் ‘போதுமான அளவு’ பொருந்தும் என்ற புதிய சமத்துவம் பிறந்தது. அந்தச் சமத்துவத்துக்குள் சந்தை நுழைந்தது. எண்பதுகளில் வில்லிவாக்கத்துக்கு ‘கிட்னிவாக்கம்’ என்று பட்டப்பெயர் வந்ததற்கும் பாசெல் நகரத்து ஆய்வுக்கூடத்தில் ஒரு பூஞ்சை வளர்ந்ததற்கும் இடையில் நேர்கோடு இருக்கிறது.

சட்டம் 1994இல் வந்தது. அதற்குப் பிறகு, 2001 பிப்ரவரியில், சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரைச் சந்தித்து எடுத்த ஆய்வு 2002இல் அமெரிக்க மருத்துவக் கழக இதழில் வெளியானது. நூற்றுக்கு 96 பேர் கடனை அடைக்கவே விற்றிருந்தார்கள். கிடைத்தது சராசரியாக 1,070 டாலர். விற்ற பிறகு குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. நான்கில் மூன்று பேருக்கு இன்னும் கடன் இருந்தது. நூற்றுக்கு 86 பேர் உடல்நிலை மோசமானதாகச் சொன்னார்கள். விற்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சுனாமிக்குப் பிறகு எர்ணாவூர்க் குடியிருப்பிலிருந்து 2007இல் அதே செய்தி வந்தது. 2025இல் பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர்களிடமிருந்து அதே செய்தி. தறி மாறுகிறது, கடன் மாறுவதில்லை.

விற்பனையை விடுங்கள், ‘அன்பளிப்பை’ப் பாருங்கள். இந்தியாவில் உயிரோடிருந்து உறுப்புக் கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பெற்றுக்கொள்பவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். 1995 முதல் 2021 வரை நடந்த 36,640 மாற்றுகளில் பெண்கள் பெற்றவை 6,945 மட்டுமே என்று தேசியப் பதிவேட்டின் கணக்கு சொல்கிறது. என் நண்பரின் அம்மா இந்தக் கணக்கில் ஒரு புள்ளி. “புள்ளைக்குக் குடுக்காம யாருக்குக் குடுக்கப் போறேன்” என்று அவர் சொன்னது உண்மையான அன்பு. அந்த அன்பு ஏன் எப்போதும் ஒரே திசையில் பாய்கிறது என்பது உண்மையான கேள்வி.

‘நீண்டகாலப் பாதுகாப்பு’ என்று மருத்துவ இலக்கியம் பேசும்போது எண்ணப்படும் உடல் பெற்றுக்கொண்டவரின் உடல். கொடுத்தவருக்கு மாத்திரை இல்லை, ஆகவே பக்கவிளைவும் இல்லை, ஆகவே பதிவும் இல்லை. அவர் தையல் பிரித்ததும் வீட்டுக்குப் போகிறார், குடத்தைத் தூக்குகிறார். மருந்தின் நீண்டகால விளைவுகளில் அவரும் ஒரு விளைவு என்று எந்தத் தாளிலும் எழுதியிருக்காது.

6

அந்தத் தாள் எந்த உடலைக் கற்பனை செய்து எழுதப்பட்டது என்றும் கேட்க வேண்டும். வெள்ளைத் தோலுக்கு வெயிலில் வரும் தோல் புற்று அதில் முதலிடத்தில் இருக்கும். மாற்று உறுப்பு பெற்ற ஐரோப்பியருக்கும் ஆஸ்திரேலியருக்கும் அது நிஜமான, பெரிய ஆபத்து. நம் தோலுக்கு அது அந்த அளவு வருவதில்லை. நமக்கு வருவது வேறு.

நமக்கு வருவது காசநோய். சிறுவயதில் நெஞ்சுக்குள் புகுந்து, உடம்பு சுவர் கட்டி அடைத்து வைத்திருக்கும் கிருமி. சுவரைக் காப்பது அதே டி அணுக்கள்தான். மருந்து காவலாளியைத் தூங்கவைத்தால் கைதி எழுந்துவருகிறான். இந்தியச் சிறுநீரக மாற்று நோயாளிகளில் பத்தில் ஒருவருக்கு மேல் காசநோய் கண்ட ஆய்வுகள் உண்டு. அதைக் குணமாக்கக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் டாக்ரோலிமஸின் ரத்த அளவைச் சரேலென்று இறக்கிவிடும். காசத்தைப் பார்த்தால் சிறுநீரகம் போகும், சிறுநீரகத்தைப் பார்த்தால் காசம் நிற்கும். இரண்டுக்கும் நடுவில் அளவு பார்த்துப் பார்த்து நடப்பதுதான் இங்கே வைத்தியம். வெறுங்காலோடு ஈர மண்ணில் வேலை செய்கிறவர்களின் குடலில் பல ஆண்டு சத்தமில்லாமல் வாழும் ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்ற நுண்புழு ஸ்டீராய்டு பட்டதும் உடம்பெங்கும் பரவிக் கொல்லக்கூடும். வயலில் நின்றவரின் ஆபத்தும் மேசையில் உட்கார்ந்தவரின் ஆபத்தும் ஒன்றல்ல. நான்சி சொன்ன ‘உள்ளே தூங்கும் ஊடுருவிகளுக்கு’ இங்கே சாதியும் வர்க்கமும் உண்டு.

2021ஐ மறந்துவிட்டோமா? கொரோனாவின் இரண்டாம் அலையில் ஸ்டீராய்டு உயிர் காத்தது, உண்மை. ஆக்சிஜன் தேவைப்படுகிறவருக்கு, அளவான டோஸில், குறைந்த நாட்களுக்கு என்று சோதனைகள் சொன்னதை, காய்ச்சல் வந்த எல்லோருக்கும், கேட்டவருக்கெல்லாம், சர்க்கரையைப் பார்க்காமல் கொடுத்தோம். சில மாதங்களில் இந்தியா முழுக்க 45,000க்கு மேல் கரும்பூஞ்சை நோயாளிகள். கண்ணை எடுத்தார்கள், மேல்தாடையை எடுத்தார்கள். அது நீண்டகால ஆபத்துகூட இல்லை, வாரக்கணக்கில் வந்தது. மூட்டுவலிக்கும் மூச்சிரைப்புக்கும் ‘அந்த வெள்ளை சின்ன மாத்திரையைக் குடுங்க’ என்று மருந்துக்கடையில் வருஷக்கணக்காக வாங்கித் தின்கிறவர்களைப் பற்றி எந்தப் பதிவேடும் பேசாது.

7

சரி, என்னதான் செய்வது?

மருந்துச் சோதனையின் காலமும் உடம்பின் காலமும் ஒன்றல்ல. சோதனை ஓராண்டு, மூன்றாண்டு பார்க்கும். நோயாளி இருபது, முப்பது ஆண்டு விழுங்குகிறார். முடக்குவாதத்துக்கு வந்த டோஃபாசிட்டினிப் 2012இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அனுமதியோடு சுமத்தப்பட்ட பாதுகாப்புச் சோதனையின் முடிவு முழுமையாக அச்சேறியது 2022இல். வயது 50 தாண்டிய, இதயநோய்க்கு வாய்ப்புள்ள நோயாளிகளிடம் பழைய மருந்தைவிட மாரடைப்பு போன்றவையும் புற்றும் அதிகம் என்று தெரிந்தது. பத்தாண்டு. நடுவில் அதை விழுங்கியவர்கள் எல்லோரும், தங்களுக்குத் தெரியாமலே, அந்த அறிவின் உற்பத்தியில் பங்கெடுத்தவர்கள். அவர்களுக்கு அந்த அறிவு திருப்பித் தரப்பட வேண்டும் என்பது கருணையல்ல, கூலி.

நம் பக்கம் செய்ய வேண்டியதும் இருக்கிறது. ‘மூலிகைதானே, ஒண்ணும் பண்ணாது’ என்ற நம் பேச்சை நாம்தான் நிறுத்த வேண்டும். மனச்சோர்வுக்கு ஐரோப்பியர் கடையில் வாங்கிக் குடிக்கும் ஒரு செடியின் சாறு சைக்ளோஸ்போரினின் அளவை இறக்கி, சூரிக்கில் இரண்டு பேரின் மாற்று இதயத்தை உடம்பு எதிர்க்கத் தொடங்கியது 2000இல் எழுதப்பட்டது. இயற்கை என்ற சொல்லும் ஒரு பெருங்கதையாடல்தான். அதையும் கேள்வி கேட்காமல் விட்டது நம் தவறு.

ஆகவே கோரிக்கை இப்படித்தான் இருக்க முடியும். அந்தத் தாள் தமிழில் வேண்டும், விழுங்குகிறவரை நோக்கிப் பேச வேண்டும், அவரோடு உட்கார்ந்து யாராவது அதைப் படிக்க வேண்டும். மாத்திரைக்குப் பயந்தால் நிறுத்துவது தவிர வேறு வழிகள் உண்டு என்று சொல்ல வேண்டும்: அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம், கருப்பை வாய்ச் சோதனையும் தோல் சோதனையும் காசப் பரிசோதனையும் முறையாகச் செய்து முன்கூட்டியே பிடிக்கலாம். இவை எல்லாம் மருத்துவரோடு சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவுகள், தனியாக இரவில் எடுக்க வேண்டியவை அல்ல. மருந்துக்கு ஆயுள் முழுக்கச் செலவுண்டு, அதை ஆயுள் முழுக்க அரசு ஏற்க வேண்டும். காசில்லாமல் ஒருநாள் விட்டு ஒருநாள் விழுங்குகிறவரைப் ‘பொறுப்பற்ற நோயாளி’ என்று குறிப்பேட்டில் எழுதக் கூடாது. கொடுத்தவரின் பெயரும் பதிவேட்டில் இருக்க வேண்டும், பத்தாவது ஆண்டிலும் அவரைக் கூப்பிட்டு ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும்.

விமர்சனம் என்பது ‘நம்பாதே’ என்று சொல்வதாக ஒரு காலத்தில் நினைத்தோம். இப்போது எனக்கு அது, சொல்ல மறுப்பவரைச் சொல்லவைப்பது, கேட்க பயப்படுகிறவரோடு கூட உட்காருவது என்று தோன்றுகிறது. பூக்கோவை நாம் படித்த விதத்தில் இந்த இரண்டாவது பாதி விடுபட்டுப்போயிற்று.

நண்பர் இப்போது வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் போகிறார். போன மாதம் பார்த்தபோது மறுபடி மாற்றுக்குப் பெயர் கொடுத்திருப்பதாகச் சொன்னார், இந்த முறை மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து பெறும் வரிசையில். “கெடைச்சா மாத்திரையை ஒழுங்கா முழுங்குவேன்டா. ஆனா அந்தத் தாளை நீ எனக்குத் தமிழ்ல போட்டுக் கொடு” என்றார். இலிச்சைப் பாதியில் விட்டதுபோல இதை விட முடியாது. உட்கார்ந்து செய்துகொண்டிருக்கிறேன். முதல் பக்கத்திலேயே ‘ஒடுக்கி’ என்ற சொல்லுக்கு வேறு சொல் தேட வேண்டியிருக்கிறது.